எஞ்சின் வேலையா, புது வண்டியா?
வாசகர் கேள்வி பதில்: பண்ணை இயந்திரங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பழைய இயந்திரத்தை எப்போது மாற்றுவது? ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இதைப் பற்றி யோசிக்கச் சரியான காலம், அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாள்கள்தான். குறுவைக்குச் சேறு அடிக்கும் வாரத்தில் வண்டி நின்ற பிறகு எடுக்கும் முடிவை, விற்பவரும் கடன் கொடுப்பவரும் சேர்ந்து உங்களுக்காக எடுத்துவிடுவார்கள். பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் அப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2011இல் வாங்கிய 42 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருக்கிறேன். சொந்த நிலம் ஒரு வேலி. மற்ற நாள்களில் வாடகைக்கு ஓட்டுகிறேன். மணிக்கு 1,100 ரூபாய். வருடத்துக்கு 600 மணி நேரம் ஓடும். ரிப்பேர் செலவு வருடம் 40,000 ஆகிறது. சீசனில் நாலைந்து நாள் நின்றுவிடுகிறது. இப்போது நீலப் புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது. எஞ்சின் வேலைக்கு மெக்கானிக் 95,000 ரூபாய் சொல்கிறார். ஷோரூமில் என் வண்டியை 2,30,000க்கு எடுத்துக்கொண்டு, 7,80,000க்குப் புது வண்டி தருகிறேன் என்கிறார்கள். இதுவரை இந்த வண்டிக்குச் செலவு செய்ததை நினைத்தால் விற்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இவ்வளவு விவரத்தோடு எழுதியதற்கு நன்றி. ‘வண்டி பழசாகிவிட்டது, மாற்றலாமா?’ என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

முதலில், இதுவரை செலவழித்த பணத்தை மறந்துவிடுங்கள். போன வருடம் கிளட்ச் பிளேட் போட்டேன், அதற்கு முன் பின் டயர் மாற்றினேன் என்பதற்காக வண்டியை வைத்துக்கொள்வதும் தவறு; அந்த எரிச்சலிலேயே விற்பதும் தவறு. பழைய வண்டியை வைத்திருந்தாலும் புதிது வாங்கினாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை. இனி வரும் ஐந்து வருடங்களில் எந்த வண்டி உங்களிடம் எவ்வளவு கேட்கும் என்பதை மட்டும் பார்ப்போம்.

புது வண்டிக்கு நீங்கள் கையிலிருந்தோ கடனாகவோ தர வேண்டியது 5,50,000. வட்டி 11 சதவீதம், ஐந்து வருடத்தில் அரையாண்டுத் தவணையாக அடைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக வருடத்துக்கு 33,000 வட்டி போகும். முதல் வருடத்தில் கூடுதல், கடைசி வருடத்தில் குறைவு. ஐந்து வருடம் சேற்றில் ஓடிய பிறகு அந்த வண்டி 4,30,000க்குப் போகலாம். அப்படியென்றால் மதிப்பு இறங்குவது வருடத்துக்கு 70,000. இது நம் கையிலிருந்து எண்ணிக் கொடுக்காத பணம் என்பதால் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சர்வீஸ், சில்லறை வேலைகளுக்கு 15,000 வையுங்கள். ஆக மொத்தம் வருடத்துக்கு 1,18,000. 600 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 197 ரூபாய்.

பழைய வண்டிக்கு வருவோம். ஒழுங்காகச் செய்த எஞ்சின் வேலை 3,000 மணி நேரம் தாங்க வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஐந்து வருடம், வருடத்துக்கு 19,000. வண்டியின் விலை இன்னும் இறங்குவதற்கு 20,000. வழக்கமான ரிப்பேர் 40,000. சீசனில் நிற்கும் நாள்களுக்கு ஒரு விலை போட வேண்டும். 1,100 ரூபாயில் டீசலும் டிரைவர் கூலியும் போக 550 மிஞ்சும் என்று கொண்டால், எட்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் இழப்பு 4,400. ஐந்து நாளுக்கு 22,000. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,01,000. மணிக்கு 168 ரூபாய்.

வருடத்துக்கு 17,000 ரூபாய் வித்தியாசத்தில் பழைய வண்டி முன்னால் நிற்கிறது. ஐந்து வருடத்துக்கு 85,000. உங்கள் வண்டியின் பின்பக்கத்தில், அதாவது கியர் பாக்ஸ், கிரவுன் பினியன், ஆக்சில், லிஃப்ட் ஆகியவற்றில், 85,000 ரூபாய்க்கு மேல் வேலை ஒளிந்திருந்தால் கணக்கு புரண்டுவிடும். அதற்குள் முடியுமென்றால் எஞ்சின் வேலை செய்வதே லாபம்.

அதனால்தான் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன். எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினால் அது கிட்டத்தட்டப் புது எஞ்சின். சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓட்டிய வண்டியின் பின்பக்கத்துக்கு அப்படிப்பட்ட மறுபிறப்பு சுலபமில்லை. ஆக்சில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய், பிரேக்கையும் பேரிங்கையும் பல்சக்கரத்தையும் மெதுவாகத் தின்றுவிடும்.

கியர் ஆயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் இறக்குங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவிப் பாருங்கள். மெல்லிய கரும்பசைபோல் ஒட்டினால் கவலையில்லை, விரலில் தட்டுப்படும் துகள் வந்தால் பல் உடைகிறது என்று பொருள். பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரை, அதாவது சுழல் கலப்பையை, தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அடியில் யாரும் நிற்க வேண்டாம். சில நிமிடங்களிலேயே தரைக்கு வந்துவிட்டால் லிஃப்ட் வேலை இருக்கிறது. டாப் கியரில் ரோட்டில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுப் பிடிக்கும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இத்தனைக்கும் ஒரு காலைப்பொழுது போதும்.

நீலப் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் ஆயில் நிரப்பும் ஏர் கிளீனர் என்றால், குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் எஞ்சின் அதை உறிஞ்சி நீலப் புகை விடும். அதை முதலில் சரிபாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குப்குப்பென்று தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. அங்கே அமைதியாக இருந்து, சைலன்சரில் மட்டும் புகை என்றால் வால்வு கைடு வரைக்கும் பார்த்தால் போதுமானதாக இருக்கலாம். ஹெட் வேலையோடு முடிந்துவிடும், 95,000 ஆகாது.

மெக்கானிக்கிடம் 95,000க்குள் என்னென்ன வருகிறது என்று எழுதி வாங்குங்கள். ஆயில் பம்ப்பும், டீசல் பம்ப் நாசில் சரிபார்ப்பும் அதில் இருக்க வேண்டும். அவை இரண்டையும் விட்டுவிட்டுச் செய்யும் எஞ்சின் வேலை 3,000 மணி நேரம் வராது. உங்கள் ஆர்.சி.க்கு 2026இல் பதினைந்து வருடம் முடிகிறது. ஆய்வுக்குக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் சுத்தமாக இருந்தால் என் வாக்கு எஞ்சின் வேலைக்குத்தான். மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே முடித்து, கோடை உழவில் ஓட்டிப் பழக்கிவிடுங்கள். புது ரிங் போட்ட வண்டியை நேராகச் சேற்றில் இறக்கக் கூடாது.

கேள்வி: தென்னந்தோப்புக்கு 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. மூன்று முறை காயில் கட்டிவிட்டேன். போர்வெல் போட்டபோது 250 அடியில் தண்ணீர் இருந்தது, இப்போது 380 அடிக்குப் போய்விட்டது. 200 லிட்டர் டிரம் முன்பு ஒரு நிமிடத்துக்குள் நிரம்பும். இப்போது இரண்டரை நிமிடம் ஆகிறது. கரண்ட் இலவசம்தானே, இன்னொரு முறை காயில் கட்டி ஓட்டலாமா?
– வாசகர், சுல்தான்பேட்டை

பதில்: கட்ட வேண்டாம். டிரம்மை வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்களே, அந்த அளவுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. மோட்டார்மீது குற்றமில்லை, நான்காவது முறையும் எரியும்.

250 அடிக்குத் தேர்ந்தெடுத்த பம்ப் அது. அதன் ஸ்டேஜ்கள், அதாவது தண்ணீரைப் படிப்படியாக மேலே தள்ளும் அடுக்குகள், அந்த உயரத்துக்கு எண்ணி அடுக்கப்பட்டவை. 380 அடியிலிருந்து தூக்கச் சொன்னால் தண்ணீர் குறைந்துவிடும். நீர்மூழ்கி மோட்டார் குளிர்வதே தன்னை உரசிக்கொண்டு மேலேறும் தண்ணீரால்தான். தண்ணீர் குறைந்தால் சூடேறும், சூடேறினால் காயில் போகும். நீங்கள் மூன்று முறை கூலி கொடுத்தது நீர்மட்டம் இறங்கியதற்குத்தான்.

இப்போதைய மட்டத்துக்கு ஏற்ப, அதே குதிரைத்திறனில் ஸ்டேஜ் கூடுதலாகவும் தண்ணீர் அளவு குறைவாகவும் உள்ள பம்ப் தேவை. கடைக்காரரிடம் ‘7.5 ஹெச்பி கொடுங்கள்’ என்று கேட்காமல், ‘380 அடியிலிருந்து, கோடையில் இன்னும் இறங்கும், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும் பழக்கமே நம்மிடம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் மணி நேரம் அளவோடுதான் வருகிறது. அந்த நேரத்துக்குள் தோப்பு முழுவதும் நனைகிறதா என்பதே உங்களுக்குக் கணக்கு.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: போர்வெல் மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஊற்றே வற்றியிருந்தால் எந்தப் பம்ப்பும் உதவாது. அந்தப் பணத்தைச் சொட்டுநீருக்கும் மூடாக்குக்கும் போடலாம். சிறு, குறு விவசாயி என்றால் பழைய மோட்டாரை மாற்ற மானியம் உண்டா என்று உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: எனக்கு வயது 26. பெல்ட் வகை நெல் அறுவடை இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கி வாடகைக்கு ஓட்ட நினைக்கிறேன். மூன்று சீசன்தான் ஓடியிருக்கிறது, பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, அந்த உரிமையாளர் ஏன் மூன்றாவது சீசனோடு விற்கிறார் என்று யோசித்தீர்களா? அவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். பெரிய செலவு வரும் வாசலில் நிற்கும் இயந்திரத்தை அதற்கு முன் கைமாற்றிவிடுவது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய செலவு எது என்று கண்டுபிடித்து விலையில் கழித்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

இதில் முதன்மையானது, நீங்கள் பெல்ட் என்று சொல்லும் ரப்பர் டிராக். வெளியே ரப்பர் கட்டை தேய்ந்திருப்பதைவிட, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரிகிறதா, உள்பக்கத்து இரும்புப் பற்கள் உதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாலையில் ஓட்டியே ஊர் ஊராகப் போன வண்டியென்றால் டிராக் சீக்கிரம் போயிருக்கும். அடுத்து, டிராக்கை இழுக்கும் பல்சக்கரமும் உருளைகளும். பிறகு கதிரடிக்கும் உருளையின் பற்களும் அதன் கீழ்ச் சல்லடையும். பெயிண்ட் புதிதாக இருப்பது எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது.

எந்தக் கடையிலும் சொல்லித் தராத சோதனை ஒன்று இருக்கிறது. இயந்திரத்தை ஒரு வயலில் ஓடவிட்டு, அறுத்துப் போன இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் தரையிலும் வைக்கோலிலும் கிடக்கும் நெல்மணிகளை எண்ணுங்கள். வைக்கோல் விழும் வரிசையில் மட்டும் எடுக்காமல், அறுத்த அகலம் முழுவதிலும் சில இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஆயிரம் நெல்மணி சுமார் 20 கிராம். சதுர மீட்டருக்கு நூறு மணி என்றால் ஏக்கருக்கு 8 கிலோ. ஐந்நூறு மணி என்றால் 40 கிலோ. கொள்முதல் நிலையத்தில் தைக்கும் ஒரு முழுச் சிப்பம். அறுக்கும் முன்பே உதிர்ந்து கிடந்த மணிகளைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிராக்டர் தேய்ந்தால் உரிமையாளருக்கு நட்டம். அறுவடை இயந்திரம் தேய்ந்தால் அந்த நட்டத்தை வயல்காரர், தனக்குத் தெரியாமலேயே, நெல்லாகக் கொடுக்கிறார். வாடகைக்கு ஓட்டுபவர்கள் பலர் ‘இன்னும் ஓடுகிறதே’ என்று பற்களை மாற்றாமல் தள்ளிப்போடுவது இதனால்தான். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வருவதானால், உங்கள் இயந்திரத்தில் எப்போது எதை மாற்றுவது என்பதை இந்த எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்யுங்கள். கேட்கும் விவசாயிக்கு எண்ணியும் காட்டுங்கள்.

வருமானக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசிக்குள் நெருக்கிக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழை நீண்டு வயல் ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டிக்குக் கிராக்கி. வயல் காய்ந்துவிட்டால் டயர் வண்டிகள் குறைந்த வாடகைக்கு வந்து நிற்கும். ஈரமான வருடத்தின் வருமானத்தை வைத்துக் கடன் தவணையை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் மாமனார் வாங்கிய எச்.எம்.டி. டிராக்டர், 25 குதிரைத்திறன், இன்னமும் ஓடுகிறது. அவர் தவறிவிட்டார். உதிரிபாகம் கிடைக்கவில்லை என்று என் மகன் விற்கச் சொல்கிறான். என் கணவருக்கு மனமில்லை. எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலக்கடலை.
– வாசகி, திண்டிவனம்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் கணவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. பிஞ்சோரில் இருந்த எச்.எம்.டி. டிராக்டர் தொழிற்சாலையை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. 1970களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டார் கூட்டுறவோடு வந்த அந்த இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் போல் எளிமையானதை இப்போது பார்ப்பது அரிது. ரிங், லைனர், பேரிங், சீல் போன்றவை பழைய உதிரிபாகக் கடைகளில் இன்னும் கிடைக்கும். கியர், ஷாஃப்ட், ஹவுசிங் போன்றவைதான் திண்டாட்டம். வேறொரு வண்டியை உடைத்தால்தான் வரும்.

மூன்று ஏக்கர் நிலக்கடலைக்கு வருடத்தில் உழவு வேலை சில நாள்தான். அதற்காக லட்சக்கணக்கில் புது வண்டி வாங்குவதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரம் பார்த்துச் செய்ய வேண்டிய விதைப்பு உழவுக்கு வாடகை வண்டி பிடியுங்கள். தனியார் வண்டியும் இருக்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குத் தருகிறார்கள். தமிழக அரசின் உழவன் செயலியில் உங்கள் மகன் பதிவு செய்துகொடுப்பார். மாமனாரின் வண்டியை டிப்பர் இழுக்க, தண்ணீர் டேங்க் இழுக்க, அவசரமில்லாத கோடை உழவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றாலும் பயிர் கெடாத வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். கியர் பாக்ஸ் உடையும் நாளில் முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை விற்க வேண்டிய அவசரம் எதுவும் உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்ததால் டிராக்டர் விலை இறங்கியிருக்கிறது. ஏழு வருட வண்டியைக் கொடுத்துவிட்டு 55 குதிரைத்திறனில் புதிது வாங்க இதுதான் நேரம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், பெரம்பலூர்

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது உண்மை. ஆனால் புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்குத் தரும் விலையும் கூடவே இறங்கும். அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் வரி 18லிருந்து 5 ஆகியிருக்கிறது. ஆகவே பழைய வண்டியை வைத்து ஓட்டுவதற்கும் செலவு குறைந்திருக்கிறது. வரிக் குறைப்பை மட்டும் காரணமாகக் காட்டி ஏழு வருட வண்டியை மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

50 குதிரைத்திறனுக்கு மேல் போகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அந்த அளவு வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் டீசல் செலுத்துவதைக் கணினிதான் கட்டுப்படுத்துகிறது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் உங்கள் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரிசெய்ய முடியாது. அருகில் உள்ள சர்வீஸ் மையம் எத்தனை கிலோமீட்டர், சீசனில் எத்தனை நாளில் ஆள் அனுப்புவார்கள் என்று, ஏற்கெனவே வாங்கியவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். உங்கள் கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் இப்போதைய வண்டி போதாமல் போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. போதுகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: ரோட்டவேட்டர் கத்தியை எப்போது மாற்ற வேண்டும்?
– வாசகர், சீர்காழி

பதில்: கத்தியின் அகலம் புதிதில் இருந்ததில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த கத்தி மண்ணை வெட்டாமல் அடிக்கும். டீசல் கூடும், கியர் பாக்ஸுக்கும் அதிர்வு போகும். உடைந்த ஒன்றிரண்டை மட்டும் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். பொதுவாகத் தேய்ந்துவிட்டால் முழு செட்டாகவே மாற்றுங்கள். பாதி புதிது, பாதி பழையது என்றால் உருளை சமநிலை இழந்து பேரிங் போய்விடும். இடக் கத்தி, வலக் கத்தி மாறாமல் பார்த்து மாட்டுங்கள். போல்ட்டையும் நட்டையும் புதிதாகவே போட்டு, முதல் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.